லண்டன் வாழை

லிந்துலை பேக்கரியை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. குறுக்குப் பாதை என்று யாரோ காட்டிவிட்ட ஒரு புல்லுமலையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்குப்பை. அதற்குள் உடுத்த இரண்டு சாரம், ஒரு கம்பளிச் சட்டை, பேக்கரி முதலாளி நானா காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ஒரு றாத்தல் பாண். நானா நல்ல மனிதர். போகிறேன் என்றதும், ஏன் என்று கேட்காமல் பாணை எடுத்து நீட்டினார். கேட்டிருந்தால் ஏதாவது புளுகியிருப்பேன். ஒரே அடுப்பின் வாயை எட்டு மாதம் பார்த்தது போதும் என்று பட்டது, அவ்வளவுதான் காரணம்.

இந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அப்புறம் சைக்கிள் கடை, ஹட்டனில் ஒரு லாண்டரி, நுவரெலியாவில் உருளைக்கிழங்குத் தோட்டம், கடைசியாகப் பேக்கரி. (எதையும் முழுசாக விட்டதாகக்கூட ஞாபகம் இல்லை, அதையும் பாதியில்தான் விட்டிருப்பேன்.) அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் இருந்த லயத்துக் காம்பராவை, தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறையை, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் யார் மீதும் எனக்கு வருத்தமில்லை. காம்பரா வேலை செய்கிறவர்களுக்கு. நான் அப்போது வேலை செய்யும் வயதில் இல்லை.

அதிலிருந்து எந்தப் புத்தகத்திலும் என் பெயர் கிடையாது. பள்ளிக்கூட இடாப்பில் வெட்டிவிட்டார்கள். தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் ஏறவேயில்லை. எங்களையெல்லாம் எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று கொழும்பிலும் டில்லியிலும் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் எத்தனை பட்டியல் எழுதியிருந்தாலும் அதில் நான் இருந்திருக்க மாட்டேன்.

என் அக்கா பொன்னம்மா நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் வாயில் அது காத்தாடி மலை. தை மாதம் அங்கே கங்காணி வீட்டில் கல்யாணம், வந்து கூடமாட வேலை செய், கங்காணி மனசு வைத்தால் துரையிடம் சொல்லி உன் பேரைப் பதிந்துவிடுவார் என்று அக்கா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். பேர் பதிந்தால் நிரந்தர வேலை. அரிசி. கம்பளி. மழை பெய்தால் ஒதுங்க ஒரு கூரை. எல்லாவற்றுக்கும் மேலே, யாராவது வழியில் நிறுத்தி "நீ எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் விழிக்காமல் பதில் சொல்லலாம். எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாமல் அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்போதுதான் அந்தச் செடியைப் பார்த்தேன். புல்லுமலையின் சரிவில், பனியில் கருகிய புல்லுக்கு நடுவே, ஆளுக்கு மேல் உயரத்தில் பத்து இருபது நின்றன. அடியில் நீள நீளமான பெரிய இலைகள். அதன் நடுவிலிருந்து ஒற்றைத் தண்டு. தண்டின் உச்சியில் முழ நீளத்துக்கும் மேலே வெள்ளைப் பூக்கள், கீழேயிருந்து ஒவ்வொன்றாக மலர்ந்துகொண்டே மேலே போயின. யாரும் நட்டது இல்லை. தேயிலை வருவதற்கு முன்னாலிருந்தே அது அங்கே இருந்திருக்க வேண்டும். தேனீக்கள் ஒரு பூவில் நுழைந்து மறு பூவில் நுழைந்து மும்முரமாக இருந்தன. ஒரு தேன்சிட்டு தண்டைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் போன வருடத்துத் தண்டுகள் காய்ந்து குழலாக நின்றன. அவற்றின் அடியிலிருந்து புதுக் குருத்து வந்திருந்தது. பாணைத் தின்றுகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தேன். பார்த்ததோடு போயிருக்கலாம்.

காத்தாடி மலையில் குப்புசாமிக் கங்காணி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கையில் பிரம்பு. ஒரே மகள் லெட்சுமி. கங்காணி மகள் என்றாலும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறவள், கொழுந்து நிறுக்கும்போது என் அக்காவுக்கே போட்டி. மாப்பிள்ளை டிக்கோயாவில். மாப்பிள்ளையின் அப்பா ராமையா அங்கே மாட்டுப் பட்டி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் பால் ஊற்றுகிற பெரிய இடம். அந்தச் சம்பந்தியின் முன்னால் எதிலும் குறை வந்துவிடக் கூடாது என்பதுதான் கங்காணிக்கு மூச்சாக இருந்தது.

எங்கள் மலைக் குளிருக்கு வாழை வராது. வந்தாலும் இலை கருகி முழங்கால் உயரத்தில் நிற்கும். ஆனால் பந்தல் வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு இல்லாமல் தமிழன் வீட்டில் கல்யாணம் உண்டா? நாவலப்பிட்டியில் கங்காணிக்குத் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு மரம் சொல்லி வைத்திருந்தது. வெட்டி, ரயிலில் ஏற்றி, நானுஓயாவில் இறக்கி, ஆள் வைத்துத் தூக்கி வர வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வேலை என் தலையில் வந்தது. வெட்டுவதற்குக் கங்காணி தன் கவ்வாத்துக் கத்தியையே எடுத்துக் கொடுத்தார்.

"வேற எது கொறஞ்சாலும் பரவாயில்ல. வாசல்ல வாழை நிக்கணும். வாழை வந்துருச்சுன்னா, உன் பேரு செக்ரோல்ல வந்துருச்சுன்னு வெச்சுக்க."

அக்கா வாசல்வரை வந்து, ரயிலில் யாரோடும் பேச்சுக் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பினாள். என்னைப் பெற்றவள் மாதிரி அறிந்தவள் அவள்.

நாவலப்பிட்டியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குலை அடிபடாமல் சாக்கு சுற்றி, இரண்டு மரத்தையும் கார்டு பெட்டியில் கிடத்திவிட்டு, நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து வந்தேன். வாசலில் வாழை நிற்பது போலவும், கணக்கப்பிள்ளை பேனாவைத் தொட்டு என் பெயரை எழுதுவது போலவும் வழியெல்லாம் கண்ணில் ஓடியது. ஹட்டன் வந்தது. என்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது.

பிளாட்பாரத்தில் ஓர் ஆளும் ஓர் ஆடும் நின்றன. டிக்கெட் பார்க்கிறவர் ஆட்டுக்குச் சீட்டு வேண்டும் என்கிறார். ஆட்டுக்காரன், மடியில் வைத்துக்கொண்டு போகிற குட்டிக்கு எதற்குச் சீட்டு என்கிறான். (குட்டிக்குத் தாடி இருந்தது.) சுற்றிலும் கூட்டம். ஆளுக்கு ஒரு பேச்சு, யார் பேச்சிலும் நியாயம் இல்லை. நியாயம் என்னிடம் இருந்தது. நான் இறங்கினேன். ஆட்டை ஓர் ஆள் மடியில் உட்கார வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று யோசனை சொன்னேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். யார் மடியில் என்ற கேள்வி வந்தது. யோசனை சொன்னவன் மடியில்தான் என்று முடிவானது. ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது விசில் கேட்டது. ஆட்டுக்காரன் ஆட்டைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவன் ஏறினான், ஆடு ஏறியது. நான் ஏறவில்லை.

அன்றைக்கு ஸ்டேஷனிலேயே முடங்கிவிட்டு, மறுநாள் ஆடி அசைந்து வந்த ஒரு ரயிலைப் பிடித்து நானுஓயாவில் இறங்கும்போது மத்தியானம். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மேசை முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, நேத்து ரெண்டு வாழைமரம் வந்துச்சுங்களா?"

"ஆரோட வந்தது?"

"தனியா வந்துச்சுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, வாழைமரம் தானா இறங்கி நடந்து போகுமே? அது பதுளைக்குப் போயிருக்கும். இனி நாளைக்குப் பின்னேரம்தான் திரும்பி வரும்."

நாளைக்குக் காலை பத்தரைக்கு முகூர்த்தம்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் தோன்றியது, அப்படியே வெலிமடைப் பக்கம் நடந்துவிடலாம் என்பதுதான். கால்கள் இரண்டும் சரி என்றன. ஆனால் அக்கா கங்காணியிடம் எனக்காக வாய் விட்டுக் கேட்டிருந்தாள். யாரிடமும் எதையும் கேட்காதவள். நான் ஓடினால் அவள் அந்தத் தோட்டத்தில் தினமும் கங்காணியின் முகத்தில் விழிக்க வேண்டும். அதனால் தோட்டத்தின் பக்கமாகவே நடந்தேன். நடந்தவன் கண்ணில் அந்தப் புல்லுமலை பட்டது.

உயரம் இருக்கிறது. தண்டு நேராக இருக்கிறது. கீழே பெரிய இலை, உச்சியில் குலை மாதிரி பூ. வாழைக்கு வேறு என்ன வேண்டும்? (பழம் வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை.)

கங்காணியின் கவ்வாத்துக் கத்தியாலேயே பூத்து நின்றவற்றில் எட்டை வெட்டினேன். வெட்டின இடத்தில் பால் வடிந்தது. அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தேன். ஒரு கண் அப்போதே மூடிக்கொண்டது. வாசலுக்கு மேலே தட்டி கட்டலாம் என்று காய்ந்த தண்டுகளையும் ஒரு கட்டு சேர்த்தேன். வழியில் விடாமல் தும்மல். தை மாதத்துப் பனி என்று நினைத்துக்கொண்டேன். தேனீக்கள் சில பூவை விட்டுப் போக மனமில்லாமல் பாதித் தூரம் என் தோளில் உட்கார்ந்தே வந்தன.

கங்காணி பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்.

"வாழை எங்கடா?"

வாய் தானாகத் திறந்துகொண்டது. வாழையெல்லாம் பழைய பழக்கம் என்றேன். துரைமார் ஊரில் இப்போது கல்யாண வாசலுக்கு இதைத்தான் கட்டுகிறார்கள் என்றேன். பேக்கரி நானா கேக் கொண்டுபோன ஒரு பங்களாவில் நானே கண்ணால் பார்த்தேன் என்றேன். (திறந்திருந்த ஒரு கண்ணால்.) அவர் பூங்கதிர்களை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிரம்பால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்கு என்னா பேரு?"

"லண்டன் வாழைங்க."

அந்தப் பெயர் எனக்குள் எங்கேயிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. கங்காணியின் முகம் மெல்ல மலர்ந்தது. டிக்கோயாச் சம்பந்தி வாழ்நாளில் பார்க்காத ஒன்று தன் வாசலில் நிற்கப் போகிறது. கட்டு, நல்லா ஒசரமா கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா பக்கத்தில் வந்து என் விலாவில் கிள்ளினாள்.

"எந்தப் பங்களாவுக்குடா நீ போன?"

"போகல."

அவள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். பக்கத்துக்கு நாலாக எட்டையும் கட்டி, மேலே காய்ந்த தண்டில் ஒரு தட்டியும் வைத்து முடித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்துக் கிடந்தது. எட்டு மணிக்கு வெயில் வாசலைத் தொட்டது. எட்டே காலுக்கு முதல் தேனீ வந்தது. எட்டரைக்குப் பத்து. அப்புறம் பெரட்டுக் களத்துக்குக் காலையில் ஆள் சேர்வது மாதிரி சாரை சாரையாக வந்தன, எல்லாவற்றுக்கும் பேர் பதிந்திருக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு பூவில் ஏறி வேலையைத் தொடங்கின. அந்தப் பனிக்காலத்தில் மலையில் வேறு பூவே கிடையாது. நான் சுற்று வட்டாரத்துச் சாப்பாடு முழுவதையும் கொண்டுவந்து கங்காணி வாசலில் கட்டியிருக்கிறேன். தேன்சிட்டு ஒரு சோடியும் வந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் ரசித்தார்கள். நல்ல சகுனம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டு லொறி ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றது. மேளம் எழும்பியது. மாப்பிள்ளை முனியாண்டி தலைப்பாகையில் மல்லிகைச் சரமும் கழுத்தில் மாலையுமாக இறங்கினார். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். பூ, மாலை, பன்னீர், எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்ததும் தேனீக்களுக்கு யார் பூ, யார் மாப்பிள்ளை என்று தெரியவில்லை. ஒன்று முனியாண்டியின் காதில் இறங்கியது. அவர் அசையாமல் நின்றார். அவருடைய சித்தப்பாதான் துண்டை எடுத்து வீசினார். வீசாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த நிமிடம் சித்தப்பாவுக்கு மூக்கில் ஒன்று, ஆரத்தித் தட்டு வைத்திருந்தவளுக்குக் கையில் ஒன்று. தட்டு விழுந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி லொறிப் பக்கமும் மறு பாதி லயத்துப் பக்கமும் ஓடியது. நாதசுரக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று வாத்தியத்தைக் கீழே இறக்கி அதன் வாயைக் காட்டினார்.

"உள்ள ஒரு ஆளு இருக்கு. அவரு வெளிய வராம நான் ஊத மாட்டேன்."

கங்காணி கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். உதவியாக ஏதாவது செய்தால் தப்பிக்கலாம் என்று எனக்குப் பட்டது. தேனீக்குப் புகை ஆகாது. அது எல்லோருக்கும் தெரியும். சமையல் கொட்டகை ஓரத்தில் மிச்சமிருந்த காய்ந்த தண்டுகளை அள்ளி, வாசலில் போட்டு, நெருப்பு வைத்தேன்.

அந்தத் தண்டின் தூள் மூக்கில் ஏறினால் என்ன செய்யும் என்பதை முந்தின நாள் வழியெல்லாம் தும்மிக்கொண்டு வந்தவன் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. தண்டுகளை ஒடித்துப் போட்டபோது எழும்பிய தூளும் அதன் மேல் புகையும் காற்றோடு பந்தலுக்குள் போயின. முதலில், மந்திரம் சொல்ல வந்த பண்டாரம் தும்மினார். அப்புறம் மணவறைப் பக்கம் வரிசையாக. தொண்டையில் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி எரிச்சல். கண்ணில் நீர். சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார்கள். மேளக்காரர் மடியில் மேளத்தை வைத்துக்கொண்டு இருமினார். தேனீக்கள் புகைக்கு மேலே கொஞ்சம் எழும்பி, பூவின் உச்சிக்குப் போய், அங்கே வேலையைத் தொடர்ந்தன.

இதற்குள் மாப்பிள்ளையின் அப்பா ராமையா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். எரியாத தண்டு ஒன்றை எடுத்தார். கீழே கிடந்த ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். உடனே கீழே போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத யாரு வாசல்ல கட்டுனது?"

"லண்டன் வாழைங்க, சம்பந்தி," என்றார் கங்காணி, இருமலுக்கு நடுவே. "துரைமாரு ஊருல கல்யாணத்துக்கு..."

"துரைமாரு ஊருல மாடே இல்லீங்களா?" ராமையாவின் குரல் உயரவில்லை. "இது காட்டுப் பொகையில. போன வருசம் புல்லுக்கட்டோட இது கலந்து வந்து, எம் பட்டியில ரெண்டு பசு வாயில நொரை தள்ளிச் செத்துச்சு. வெசத்த வாசல்ல கட்டி வெச்சுக்கிட்டு எம் மகன உள்ள வாங்கன்றீங்க."

அவர் திரும்பிப் போய் லொறியின் படியில் உட்கார்ந்துகொண்டார். இந்த வாசல் வழியாக என் ஆட்கள் யாரும் நுழைய மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். மணி பத்தேகால். பிடுங்கி எறிய ஆட்கள் தயார்தான், ஆனால் எட்டுக் கதிரிலும் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது, யாரும் கிட்டே போகவில்லை. கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதுவரை அந்த மனிதரின் வெறும் தலையை யாரும் பார்த்ததில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

நானே பிடுங்கிவிடுகிறேன் என்று போனேன். ஒரு கண் மூடியிருந்தது, மறு கண் நீரில் மிதந்தது. பந்தல் கயிற்றில் கால் தட்டி விழுந்தேன். விழுந்தவன் பிடித்துக்கொண்டது வாசல் தட்டியை. அது என்னோடு வந்தது.

அப்போது லயத்துப் பக்கமிருந்து பேச்சு அடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். லெட்சுமி வந்துகொண்டிருந்தாள். மணப்பெண். கூறைச் சேலைக்கு மேலே, மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கைக் கட்டியிருந்தாள். தலையில் பூவை மறைத்து ஒரு துண்டு. எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் அப்படி முகூர்த்தத்துக்கு வந்திருக்க மாட்டாள். அவள் அம்மா பின்னாலேயே ஓடி வந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

கொழுந்து பறிக்கிற பெண்கள் செடிக்குள் எப்படி நுழைவார்களோ அப்படித்தான் வந்தாள், அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு கதிராக எடுத்துத் தோளில் சாய்த்தாள். ஒரு தேனீயையும் அடிக்கவில்லை. அவள் கை மேலே இரண்டு ஊர்ந்தன, விட்டுவிட்டாள். எட்டையும் சுமந்துகொண்டு லயத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் கரைக்கு நடந்தாள். தேனீக்கூட்டம் முழுவதும் அவளோடு போனது. வெறும் கையோடு அவள் திரும்பி வந்தபோது ஒன்றுகூடக் கூட வரவில்லை. குழாயில் கையைக் கழுவினாள். படங்கை அவிழ்த்து என் அக்காவிடம் கொடுத்தாள். நேராக லொறிப் படிக்குப் போனாள்.

"மாமா, வாசல் சுத்தமாயிருச்சு. தண்ணி தெளிக்கச் சொல்லியிருக்கேன். இந்தப் பக்கத்துல மாடும் இல்ல, நீங்க பயப்பட வேணாம். நேரம் போகுது. வாங்க."

ராமையா அவளைப் பார்த்தார். மாப்பிள்ளை முனியாண்டி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. அவர்தான் இப்போது பேசினார். ஒரு தும்மலை முடித்துக்கொண்டு பேசினார்.

"எறங்குங்கப்பா. பட்டியப் பார்த்துக்க ஆள் கெடைச்சிருச்சு."

ராமையா இறங்கினார். பத்தரைக்கு முகூர்த்தம், பத்து முப்பத்தைந்துக்குத் தாலி ஏறியது. பண்டாரம் மந்திரத்துக்கு நடுவே நாலு தடவை தும்மினார். மாப்பிள்ளை முதல் முடிச்சுக்கும் இரண்டாம் முடிச்சுக்கும் நடுவே தும்மினார். பந்தலில் ஒரு கண்கூட உலர்ந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க அழுது பார்த்திருக்கேன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் அழ வெச்சது இந்தக் கங்காணி வீடுதான் என்றாள். கங்காணி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் மறுபடி இருமல் வந்தது.

நான் பந்திக்குப் போகவில்லை. கான் கரையில், அந்த எட்டுக் கதிருக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். தேனீக்கள் இன்னும் அங்கே இருந்தன. அக்கா ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.

"கேட்டேன்டா," என்றாள். "அந்தப் பேச்ச எடுக்காதன்னுட்டாரு."

பேர் பதிவு போய்விட்டது. எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அவள் வாயால் கேட்டபோது தட்டைக் கல்லில் வைத்துவிட்டேன். அவளாவது திட்டட்டும் என்று ஹட்டனில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். தாடியா, குட்டிக்குத் தாடியாடா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அப்பா அம்மா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரத்தில் ராமையா வெற்றிலை துப்ப அந்தப் பக்கம் வந்தார். என் கண்ணைப் பார்த்தார்.

"பால் பட்ட கையால தேச்சியா?"

ஆமாம் என்றேன். குனிந்து இமையைத் தூக்கிப் பார்த்தார், மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். எங்கே வெட்டினாய் என்று கேட்டார். எந்தச் சரிவில், எந்தப் பக்கத்து வெயிலில், குருத்தாக இருக்கும்போது இலை எப்படி, பூத்தால் எப்படி, காய்ந்தால் எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தண்டு பட்டுப் போனாலும் அடிக்கட்டை சாவதில்லை, மறுபடி துளிர்க்கும் என்றும் சொன்னேன். அவர் நின்று கேட்டார்.

"எத்தன தடவ இதப் பார்த்திருக்க?"

"ரெண்டு தடவதாங்க."

"எங்கிட்ட அஞ்சு வருசமா புல்லு அறுக்கிறவனுக்கு இன்னும் குருத்துல அடையாளம் தெரியல." வெற்றிலையைத் துப்பினார். "பேர் பதிவு, காம்பரா, அதெல்லாம் எங்கிட்ட கெடையாது. மாடும் புல்லும்தான். வர்றியா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு, போடா, ரயில்ல மட்டும் போகாத, லொறியிலயே போ என்றாள்.

மாப்பிள்ளை பெண்ணோடு டிக்கோயாவுக்குத் திரும்பிய அதே லொறியில், சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து நானும் போனேன். லெட்சுமி திரும்பிப் பார்த்து, அண்ணே, வழியில ஏதாவது பூத்திருந்தா எறங்கிறாதீங்க என்றாள். அந்தக் கேலி அன்றைக்குத் தொடங்கியது. அவளுக்குப் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எனக்குச் செல்லையா என்ற பெயர் கிடையாது. லண்டன் வாழை மாமா, லண்டன் வாழைத் தாத்தா. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் ஒன்றை மறக்காமல் சொல்லிவிட்டுப் போவார்கள்: "தாத்தா, வெறுங்கையோட வாங்க." குப்புசாமிக் கங்காணிகூடப் பின்னாளில் என்னை மன்னித்தார். ஆனால் சாகும்வரை அந்தக் கவ்வாத்துக் கத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது புல்லுமலையில் எங்கேயோ கிடக்கிறது.

கல்யாணத்துக்கு மறுநாள் விடிந்ததும் டிக்கோயாவில் ராமையா ஓர் அரிவாளையும் ஒரு கயிற்றையும் என்னிடம் கொடுத்தார். உன் பேர் என்ன என்று அப்போதுதான் கேட்டார். செல்லையா என்றேன். எழுதிக்கொள்ளப் புத்தகம் எதையாவது எடுப்பார் என்று கொஞ்சம் காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. என்னைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய், பசுக்களின் நெற்றியில் ஒவ்வொன்றாகக் கை வைத்து அவற்றின் பெயரைச் சொன்னார். மயிலை, செவலை, ராணி, வெள்ளச்சி என்று பதினான்கு பெயர். செத்துப்போன இரண்டின் பெயரையும் சொன்னார். நான் எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுப் புல் அறுக்கப் போனேன்.